மகாஜனம் யார்? ஒரு புகழ்ச் சொல்லின் சாதி வரலாறு



இன்று செப்டம்பர் 18. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1945இல் மறைந்த நாள். அவர் பிறந்த கோழியாளம் மதுராந்தகத்தை அடுத்த ஊர். திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் போகிறவர்கள் அந்த ஊருக்கு அருகில்தான் கடந்து போகிறோம். அந்த ஊர்க்காரர் ஒருவர் நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகை நடத்தினார் என்பதும் அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார் என்பதும் நமக்குத் தெரியும். ஆண்டுதோறும் மேடையில் சொல்கிறோம். இந்த முறை அதோடு நிற்காமல், அந்தப் பத்திரிகையோடு சேர்ந்து நடந்த இன்னொரு காரியத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். அது ஒரு சொல்லைக் கைப்பற்றிய காரியம். அந்தச் சொல் 'மகா'.

இந்த உரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நம் மேசையில் ஒரு திருவிழா அழைப்பிதழ் கிடந்தது. திண்டிவனம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றின் அம்மன் கோயில் தேர்த் திருவிழா. கடைசிப் பக்கத்தில் 'இங்ஙனம்: விழாக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சாகியிருந்தது. அந்த ஊரில் காலனியும் உண்டு. ஆனால் காலனி வீடுகளில் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை. வரி வாங்கினால் மரியாதை கொடுக்க வேண்டும், தேர் அந்தத் தெருவுக்கும் போக வேண்டும். அதனால் வரியே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் 'ஏழை ஜனங்கள், பாவம், அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை' என்பார்கள். சலுகைபோலச் சொல்லப்படும் இந்த விலக்குதான் 'ஊர்ப் பொதுமக்கள்' என்ற இரண்டு சொற்களுக்கு எல்லை கட்டுகிறது.

இந்தப் 'பொதுமக்கள்' எங்கிருந்து வந்தார்கள்? பழைய பத்திரிகைகளில் அவர்களுக்கு வேறு பெயர் இருந்தது. மகாஜனங்கள்.

பத்திரிகை கொடுத்த மரியாதை

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. கூட்டம் நடந்தால் மகாநாடு. கூடியவர்கள் மகாஜனங்கள். தலைமை வகித்தவர் பெயருக்கு முன்னால் 'ம-ள-ள-ஸ்ரீ'. இது மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம். இன்று படிக்கும் மாணவருக்கு அச்சுப் பிழைபோலத் தெரியும். அன்றைக்கு அந்த நான்கு எழுத்துகள் ஒரு மனிதரின் இடத்தைச் சொல்லிவிடும். மனுவிலும் கடிதத்திலும் பத்திரிகைச் செய்தியிலும் யாருக்கு அது போடப்பட்டது, யாருக்கு வெறும் பெயரோடு விடப்பட்டது, யாருக்குப் பெயர்கூட இல்லாமல் சாதியை மட்டும் சொல்லி 'வந்தான், போனான்' என்று முடிக்கப்பட்டது என்று பார்த்தால் போதும். அன்றைய ஊரின் தெரு அமைப்பைத் தாளில் வரைந்ததுபோல் இருக்கும்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகழ்ச் சொல் என்பது ஒருவரின் குணத்தைச் சொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். நிறுவனங்கள் கையாளும் புகழ்ச் சொல் அப்படி வேலை செய்வதில்லை. அது வரிசையை ஏற்படுத்துகிறது. 'மகா' என்று ஒருவரை அழைக்கும்போது, அப்படி அழைக்கப்படாத இன்னொருவரையும் அந்தச் சொல் உண்டாக்கிவிடுகிறது. 'மகாஜனம்' என்ற சொல் இருக்கிறது என்றால் வெறும் ஜனமும் இருக்கிறது என்று பொருள். வெறும் ஜனத்துக்கும் கீழே, ஜனம் என்றே எண்ணப்படாதவர்களும் இருக்கிறார்கள்.

சென்னை மகாஜன சபை 1884இல் தொடங்கப்பட்டது. ரங்கைய நாயுடு, வீரராகவாச்சாரியார், ஆனந்தாச்சார்லு, ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் அதை அமைத்தவர்கள். இவர்களில் வீரராகவாச்சாரியாரும் சுப்பிரமணிய ஐயரும் 1878இல் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கிய குழுவைச் சேர்ந்தவர்கள். 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கியவரும் சுப்பிரமணிய ஐயரே. சபையும் பத்திரிகையும் ஒரே கைகளில் இருந்தன. சபை கூடித் தீர்மானம் போடும், பத்திரிகை அதை மகாஜனங்களின் அபிப்பிராயம் என்று எழுதும், அரசாங்கம் அந்த அபிப்பிராயத்துக்குப் பதில் சொல்லும். அந்தச் சபையில் இருந்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது நம் கேள்வி இல்லை. சுப்பிரமணிய ஐயர் தம் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்த துணிச்சல்காரர். நம் கேள்வி வேறு. வக்கீல்களும் மிராசுதாரர்களும் வணிகர்களும் கூடிய ஒரு சபை தன்னை 'மகாஜனம்' என்று சொல்லிக்கொண்டபோது, இந்த 'மகா' யாருடைய எண்ணிக்கை என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லையே, ஏன்?

சபைக்கு முன் இருந்த சபை

பத்திரிகைக்காரர்களுக்குக் கேட்கத் தோன்றாததற்கு ஒரு காரணம், அந்தச் சொல் அவர்களுக்குப் பழகிய சொல் என்பது. விக்கிரவாண்டிப் பக்கத்து எண்ணாயிரத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சோழர் காலத்தில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒரு வேதக் கல்விக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறது. இளநிலையில் 270 மாணவர், முதுநிலையில் 70 மாணவர், ஆசிரியர் 14 பேர். அவர்களுக்கான நெல்லும் நிலமும் கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு ஏற்பாடு செய்தது அந்த ஊரின் மகாசபை.

சோழர் கல்வெட்டுகளில் வேளாளர் ஊரின் அவைக்கு 'ஊர்' என்று பெயர். பிரமதேய ஊரின் அவைக்குத்தான் 'சபை', 'மகாசபை'. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் அக்கிரகாரத்துப் பிராமணர் குழுவுக்கு 'மகாஜனம்' என்றே பெயர். ஆக, இந்தச் சொல்லின் பழைய பொருளில் எண்ணிக்கை இல்லவே இல்லை. கூட்டம் சிறியதாக இருந்தாலும் அது மகாஜனம்தான்.

அதே காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் வருகின்றன. எங்கே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஊர் நிலத்தில் வரி விதிக்கப்படாத பகுதிகளைக் கழித்துச் சொல்லும் பட்டியலில் வருகின்றன. 'சேரி' அப்போது இழிவான சொல் இல்லை. பிராமணர் வாழும் பகுதிக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. இழிவு வர வேண்டுமானால் முன்னால் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. பிறகு அடைமொழி உதிர்ந்து, சேரி என்றாலே நம்முடையது என்றாகிவிட்டது. ஒரு பக்கம் 'மகா' ஒட்டிய சபை, இன்னொரு பக்கம் 'தீண்டா' ஒட்டிய சேரி. இரண்டும் ஒரே கல்வெட்டு மொழியின் இரண்டு முனைகள். திருவிழா வரியில் கழித்துவிடப்பட்ட காலனியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள்.

1892: மகாஜன சபையில் ஒரு கேள்வி

இந்தப் பின்னணியோடுதான் 1892இல் நடந்ததை வாசிக்க வேண்டும். சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அயோத்திதாசர் போனார். நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அனுமதிக்க வேண்டும் என்ற கேள்வியை அவர் அங்கே எழுப்பினார். கூடாது என்று சபையில் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர், உங்கள் குலத்துக்கு மதுரைவீரனையும் காட்டேரியையும் கருப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பேசினார். அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுங்கள், தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்.

இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் கோயில் நுழைவு வரலாற்றின் ஒரு பக்கமாகச் சொல்வோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. சபையின் பெயர் மகாஜன சபை. அதற்குள் முறையான பிரதிநிதியாகப் போன ஒருவருக்கு, நீ இந்த மகாஜனத்தில் சேர்த்தி இல்லை என்பது அந்தக் கூச்சலில் தெரிவிக்கப்பட்டது. பத்திரிகையில் எல்லோருக்கும் பொதுவானதாகத் தெரிந்த சொல், வாசற்படியில் தன் பழைய கல்வெட்டுப் பொருளுக்குத் திரும்பிவிட்டது.

அடைமொழியைக் கைப்பற்றியவர்கள்

நம் முன்னோடிகள் அந்தச் சொல்லை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. 1891இல் அயோத்திதாசர் அமைத்ததன் பெயர் திராவிட மகாஜன சபை. அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் அமைத்ததன் பெயர் பறையர் மகாஜன சபை. இந்த இரண்டாவது பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பறையர், மகாஜனம். ஆயிரம் ஆண்டுகளாக ஒரே தொடரில் சேர்ந்து வராத இரண்டு சொற்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அன்றைய மயிலாப்பூர் வாசகருக்கு அது இலக்கணப் பிழைபோலக் காதில் விழுந்திருக்கும். அந்தப் 'பிழை'தான் அரசியல்.

1893 அக்டோபர் 7 அன்று 'பறையன்' வெளிவந்தது. நான்கு பக்கம், விலை இரண்டு அணா. முதலில் மாத இதழ், சில மாதங்களிலேயே வார இதழ். 1900 வரை நடந்தது. ஏன் இந்தப் பெயர் என்பதற்குச் சீனிவாசன் தம் வாழ்க்கைக் குறிப்பில் காரணம் சொல்கிறார். தன்னை இன்னான் என்று மறைக்காமல் முன்வந்து சொல்லிக்கொள்ளாதவன் தன் உரிமையைக் கேட்டுப் பெற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெயரை மறைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த படித்தவர்களுக்கு அது சங்கடமாக இருந்தது. பண்டிதருக்கும் இந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. பறையன் என்பது பகைவர் சுமத்திய பெயர், அதை நாமே தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பது அவர் நிலை. உறவினர்களான இருவரும் வெவ்வேறு வழியில் போனார்கள். ஆனால் 'மகாஜனம்' என்ற சொல்லில் இருவரும் ஒன்றுபட்டார்கள் என்பதை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை.

அந்தச் சொல்லை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையில் அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. பத்திரிகைகள் இதை மகாஜனங்களின் விருப்பம் என்றே எழுதின. இங்கே தேர்வு நடந்தால் யார் அதிகாரிகளாக வருவார்கள், அந்த அதிகாரிகளின் கீழ் சேரி மக்களின் கதி என்ன என்று கேட்டது பறையர் மகாஜன சபை. 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் நடந்தது. 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு தயாராகி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனது.

அந்த முடிவு சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஆங்கிலேய அதிகாரியையே நம்பியிருந்தது ஒரு எல்லைக்குமேல் உதவவில்லை என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 112 அடித் தாள் இன்னொன்றையும் நிரூபித்தது. மகாஜனங்களின் விருப்பம் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதற்கு மாறாக விரும்பும் மகாஜனங்களும் இங்கே இருக்கிறோம், பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, எண்ணிக் காட்டுகிறோம் என்றது. 'மகா' என்ற சொல்லுக்கு முதன்முறையாக எண்ணிக்கை கேட்கப்பட்டது. இதே சபையின் தொடர்ச்சியான ஆதிதிராவிட மகாஜன சபையில் 1916இல் செயலாளரானவர் எம்.சி. ராஜா. 1922இல் அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற சொல் வந்தது. 'ஆதி'யும் ஒரு புகழ்ச் சொல்தான். ஆனால் அது பிறர் கொடுத்ததில்லை, நாமே கேட்டு வாங்கியது.

வேஷமும் யதார்த்தமும்

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் பெயர் 'தமிழன்' ஆனது. 1914 மே 5இல் மறையும்வரை பண்டிதர் அதை நடத்தினார். புகழ்ச் சொல்லைப் பற்றிய நம் பேச்சுக்கு இந்தப் பத்திரிகை முக்கியமான பாடம் ஒன்றை வைத்திருக்கிறது.

பண்டிதர் பட்டங்களை அப்படியே ஏற்கவும் இல்லை, அப்படியே தள்ளவும் இல்லை. பிராமணர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் ஓர் அடைமொழி போட்டார். வேஷ பிராமணர், யதார்த்த பிராமணர். ஒழுக்கத்தாலும் அறிவாலும் அந்த நிலையை அடைந்த பௌத்தத் துறவியே யதார்த்த பிராமணர் என்றும், பிறப்பைக் காட்டி அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டவர் வேஷ பிராமணர் என்றும் அவர் வாதிட்டார். அவருடைய வரலாற்றுச் சான்றுகளை இன்றைய ஆய்வுமுறையில் சோதிக்கலாம், சிலவற்றை ஏற்க முடியாமலும் போகலாம். ஆனால் அவர் வைத்த அளவுகோல் உறுதியானது. புகழ்ச் சொல் பிறப்பிலிருந்து வரக் கூடாது, நடத்தையிலிருந்து வர வேண்டும். யார் பெயருக்கு முன்னால் எந்த மரியாதை எழுத்து இருந்தாலும் அதற்கும் முன்னால் 'வேஷமா, யதார்த்தமா?' என்ற கேள்வியைப் போடு என்று ஒரு தலைமுறை வாசகர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர் முதல் கடல் கடந்து போனவர்கள் வரை அந்தப் பத்திரிகையை வாசித்தார்கள்.

சுயமரியாதை இயக்கம் பின்னர் எடுத்த அடிகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1929 செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார் 'ஸ்ரீமான்', 'திரு' எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் 'தோழர்' என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். 'குடிஅரசு' அதன்படி எழுதியது. வரிசையை ஏற்படுத்தும் சொல்லை விட்டு, பக்கத்தில் நிறுத்தும் சொல்லுக்கு வந்த முயற்சி அது.

மகாகவியும் மகாத்மாவும்

'மகா'வைப் பற்றிப் பத்திரிகைகள் விவாதித்ததே இல்லையா என்றால், விவாதித்தன. 1930களின் நடுவில் பாரதி மகாகவியா இல்லையா என்று பெரிய விவாதம் நடந்தது. வ.ரா. ஒரு பக்கம், கல்கி இன்னொரு பக்கம். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதி மகாகவியே என்று தொடர் கட்டுரைகள் எழுதினார்கள். அவை 'கண்ணன் என் கவி' என்ற நூலாகவும் வந்தன. மகாகவி என்பதற்கு இலக்கணம் என்ன, உலகக் கவிகளில் யாரோடு ஒப்பிடுவது, எந்தப் படைப்பு சான்று என்றெல்லாம் கேட்டார்கள். ஆரோக்கியமான விவாதம்தான். ஒரு கவிஞரை மகா என்று சொல்லச் சான்று கேட்ட பத்திரிகை உலகம், ஒரு கூட்டத்தை மகாஜனம் என்று எழுதும்போது சான்று கேட்கவில்லை என்பதுதான் நம் கவலை.

மகாத்மா என்ற பட்டத்துக்கும் இரண்டு வரலாறு உண்டு. 1888இல் மும்பையில் உழைக்கும் மக்கள் கூடிய கூட்டத்தில் ஜோதிராவ் புலேவுக்கு அந்தப் பட்டம் கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் பத்திரிகைகள் பரப்பிய மகாத்மா அவரல்லர். அம்பேத்கரோ காந்தியைப் பல இடங்களில் 'மிஸ்டர் காந்தி' என்று எழுதினார். 1955இல் பிபிசிக்கு அளித்த பேட்டியில், அவரை மகாத்மா என்று அழைக்க மறுக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இதைத் தனிப்பட்ட கோபம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பத்திரிகை ஒருவருக்கு 'மகா' போட்டுவிட்டால் அவரோடு கருத்து மாறுபடுகிறவர் தானாகவே சிறியவராகிவிடுவார். பேச்சு சமதளத்தில் நடக்காது. அம்பேத்கர் அந்த ஓர் அடைமொழியை விலக்கியது சமமாக உட்கார்ந்து பேசுவதற்காக. 1920இல் அவர் தொடங்கிய முதல் பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', அதாவது ஊமைகளின் தலைவன். அவர் தேர்ந்தெடுத்த அடைமொழி அதுதான்.

மகாஜனம் போய்ப் பொதுமக்கள்

காலம் மாறியது. மகாநாடு மாநாடாகியது. 1967க்குப் பின் ஸ்ரீயும் ஸ்ரீமதியும் போய்த் திருவும் திருமதியும் அரசு வழக்காயின. மகாஜனங்கள் பொதுமக்கள் ஆனார்கள். சமஸ்கிருதச் சொல் போய்த் தமிழ்ச் சொல் வந்ததை நாமும் வரவேற்றோம். ஆனால் சொல்லை மாற்றினால் அதன் எல்லை தானாக மாறிவிடுமா?

'பொது' என்பதன் எல்லையை மாற்ற முதலில் சட்டமன்றத்தில் போராடியவரும் நம் சீனிவாசன்தான். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்று அறிவிக்கச் செய்தது. பொது என்றால் எல்லோருக்கும் என்று ஓர் அரசாணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அந்தச் சொல் அதுவரை என்ன பொருளில் வழங்கியது என்பதற்குச் சாட்சி. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தபோது பிரதமராக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். நம் மண்ணில் பிறந்த ஒருவரின் ஆட்சியில் வந்த சட்டம்.

அதே மண்ணில், 1978 ஜூலையில், விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இன்றும் அதற்கு 'விழுப்புரம் கலவரம்' என்றே பெயர். ஒரு தரப்பு மட்டுமே பிணங்களை எண்ணிய நிகழ்வுக்குக் கலவரம் என்று பெயர் வைப்பதும் ஒரு வகை மொழி அரசியல்தான். 2023 ஏப்ரலில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் காவல்துறைப் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. அப்போது ஓமந்தூரார் காலத்துச் சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

இதுபோன்ற செய்திகள் வரும்போது நாளிதழைக் கையில் எடுத்துப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். கோயிலுக்குள் விடக் கூடாது என்று திரண்டவர்கள் 'கிராம மக்கள்', 'பொதுமக்கள்' என்று வருகிறார்களா? உள்ளே போக வந்தவர்கள் 'ஒரு தரப்பினர்', 'காலனி மக்கள்', 'குறிப்பிட்ட சமூகத்தினர்' என்று வருகிறார்களா? இப்படி எழுதுகிற நிருபர் சாதி வெறியராக இருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். சொல் அவருக்கு முன்பே எல்லை போட்டு வைத்திருக்கிறது, அவர் அதற்குள் எழுதுகிறார். 1892இல் மகாஜன சபையில் எழுந்த கூச்சல் இன்று செய்தித்தாளில் சத்தமில்லாமல் அச்சாகிறது.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி

பிறரை மட்டும் சொல்லிவிட்டு முடித்தால் அது பண்டிதரின் வழி ஆகாது. நம் சுவரொட்டிகளையும் எடுத்துப் பார்ப்போம். மாபெரும், மாமனிதர், வரலாறு காணாத. நாமும் 'மகா'வை விடவில்லை, தமிழில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். மேடையில் பத்து நாற்காலி போட்டால் அதில் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள்? 'நம் மக்கள்' என்று மேடையில் சொல்கிறோமே, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு கிடக்கும் இருளர்கள் அதில் சேர்த்தியா? மலக்குழியில் இறங்கிச் சாகும் அருந்ததியர் சேர்த்தியா? சேர்த்தி என்றால் நம் அழைப்பிதழில் அவர்கள் பெயர் எங்கே? ஊர்ப் பொதுமக்களிடம் நாம் கேட்கும் கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்க உரிமை உண்டு.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை வைத்து முடிக்கிறோம். உங்கள் ஊரின் கடந்த ஐந்து ஆண்டுத் திருவிழா அழைப்பிதழ்களைச் சேகரியுங்கள். நன்கொடைப் பட்டியல், வரி ரசீது, கும்பாபிஷேகப் பத்திரிகை, உள்ளூர்ச் செய்தி நறுக்குகள் எல்லாவற்றையும் சேகரியுங்கள். 'ஊர்', 'பொதுமக்கள்', 'கிராமத்தார்' என்று வரும் இடங்களில் யார் யார் அதற்குள் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பெயரோடு எழுதுங்கள். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு நோட்டும் ஒரு மிதிவண்டியும் போதும். அடுத்த செப்டம்பர் 18 அன்று அந்த நோட்டுகளோடு வாருங்கள். அவற்றை இங்கே வாசிப்போம்.

1893இல் 3,412 பேர் 112 அடித் தாளில் தங்கள் பெயரை எழுதினார்கள். தங்களை யார் என்று சொல்லிக்கொண்டு, தங்களையும் எண்ணச் சொன்னார்கள். அந்தத் தாள் இன்னும் முடியவில்லை. நம் பெயரையும், நம் பக்கத்தில் இன்னும் எண்ணப்படாமல் நிற்கிறவர்களின் பெயரையும் அதில் எழுதுவோம்.

ஜெய்பீம்.